நிறைவுற்ற கொழுப்பும் நிறைவுறாத கொழுப்பும்: சேலத்துச் சமையலறையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் உணவு ஆலோசனை சொல்லும் எனக்கு, சர்க்கரையைப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக அதிகம் வருபவை எண்ணெயைப் பற்றிய கேள்விகள்தாம். "எந்த எண்ணெய் நல்லது?" என்று ஒருவர் கேட்டபோது ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, நல்லது என்று தெரிந்ததால் அதையே இரண்டு மடங்காக ஊற்றிச் சமைப்பதாக மகிழ்ச்சியோடு சொன்னார். அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் சுருக்கமாகப் பதில் சொல்வதில்லை.

ஏற்காட்டில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் குளிர்காலத்தில் கட்டியாகிவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் கடலை எண்ணெய் அப்படியே இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏதாவது கலந்திருக்கிறார்களா?

கலப்படம் இல்லை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரையில் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் தண்ணீராய் ஓடும் எண்ணெய், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் ஒரு மார்கழி இரவைக் கழித்தால் மெழுகாகிவிடும்.

நீங்கள் கண்ணால் பார்த்த இந்த வேறுபாடுதான் நிறைவுற்ற கொழுப்புக்கும் நிறைவுறாத கொழுப்புக்கும் உள்ள வேறுபாடு. எல்லாச் சமையல் கொழுப்புகளும் கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த கொழுப்பு அமிலங்களால் ஆனவை. அந்தச் சங்கிலியில் ஹைட்ரஜன் அணுக்களுக்கு இடம் மிச்சமில்லாமல் எல்லாம் நிரம்பியிருந்தால் அது நிறைவுற்றது. சங்கிலி நேராக இருப்பதால், அடுக்கி வைத்த ஊதுபத்திகளைப் போல நெருங்கிப் படிந்து எளிதில் திடமாகும். எங்காவது ஹைட்ரஜன் குறைந்து, பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரட்டைப் பிணைப்பால் கோத்திருந்தால் அது நிறைவுறாதது. அந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடுவதால், வளைந்த குச்சிகளைப் போல நெருக்கி அடுக்க முடியாமல் திரவமாகவே கிடக்கும். பதினெட்டு கார்பன் கொண்ட மூன்று அமிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் உருக சுமார் 70 டிகிரி வேண்டும். ஒரு பிணைப்பு உள்ள ஒலியிக் அமிலத்துக்கு 13 அல்லது 14 டிகிரி போதும். இரண்டு உள்ள லினோலியிக் அமிலமோ பனிக்கட்டி உறையும் நிலைக்கும் கீழே, மைனஸ் 5 டிகிரி வரை திரவமாக இருக்கும். ஒரு பிணைப்பு உள்ளதை ஒற்றை நிறைவுறாதது என்றும், ஒன்றுக்கு மேல் உள்ளதைப் பன்மை நிறைவுறாதது என்றும் சொல்கிறோம்.

அப்படியானால் பாட்டிலில் உறைகிற எண்ணெய் ரத்தக் குழாயிலும் உறைந்து அடைத்துக்கொள்ளும் அல்லவா?

இல்லை. நம் உடலின் வெப்பம் 37 டிகிரி. அந்த வெப்பத்தில் தேங்காய் எண்ணெய் உருகிய நிலையில்தான் இருக்கும். அதோடு, சாப்பிட்ட எண்ணெய் அப்படியே குழாயில் ஓடுவதும் இல்லை. குடலில் செரித்துப் பிரிந்து, புரதத்தோடு சேர்ந்த நுண்ணிய பொட்டலங்களாகத்தான் ரத்தத்தில் போகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கும் கடலை எண்ணெயைக் கலப்படம் என்று முடிவு கட்டுவதும் இதே வகைத் தவறு.

தீங்கு வருவது வேறு வழியில். நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகும்போது, ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கொலஸ்ட்ரால் பொட்டலங்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் வாங்கிகள் மந்தமாகின்றன. கல்லீரல் வாங்காத சரக்கு ரத்தத்தில் தங்கி, ஆண்டுக்கணக்கில் தமனிச் சுவர்களுக்குள் புகுந்து படிகிறது. பன்மை நிறைவுறாத கொழுப்பு இதற்கு நேர்மாறாக, எல்டிஎல் அளவைக் குறைக்கிறது. நிறைவுற்றவற்றுக்குள்ளும் எல்லாம் ஒன்றல்ல: லாரிக், மிரிஸ்டிக், பால்மிடிக் அமிலங்கள் எல்டிஎல்லை உயர்த்துகின்றன, ஸ்டியரிக் அமிலம் பெரிதாக உயர்த்துவதில்லை.

நிறைவுற்ற கொழுப்பால் கெடுதல் இல்லை என்று ஆய்விலேயே வந்துவிட்டதாமே? வெண்ணெயும் நெய்யும் திரும்ப வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

இந்தப் பக்கத்திலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். 2010-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), நிறைவுற்ற கொழுப்பை அதிகம் உண்டவர்களுக்கும் குறைவாக உண்டவர்களுக்கும் இடையே இதய நோயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று சொன்னது உண்மை. ஆனால் ஒருவர் தட்டிலிருந்து நெய்யை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. வேறு ஏதோ ஒன்று வந்து உட்காருகிறது. நெய்யைக் குறைத்தவர் இன்னும் ஒரு கரண்டி வெள்ளைச் சோறோ, இரண்டு பிஸ்கட்டோ, சர்க்கரை போட்ட காபியோ சேர்த்துக்கொண்டால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. நம் மக்களிடம் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதலாகவும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் குறைவாகவும் இருப்பது ஏற்கெனவே பரவலாகக் காணப்படும் நிலை. மாவுச்சத்தைக் கூட்டினால் அந்த இரண்டும் இன்னும் மோசமாகும். அதே நெய்யின் இடத்தில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வேர்க்கடலையோ வந்தால் கணக்கு மாறுகிறது. 2017-இல் அமெரிக்க இதயச் சங்கம், நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டுப் பன்மை நிறைவுறாத தாவர எண்ணெயை வைத்துச் செய்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில் இதய ரத்தக் குழாய் நோய் சுமார் 30 சதவீதம் குறைந்ததாக எடுத்துக்காட்டியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட நிகழ்வுகள் சேர்ந்து 17 சதவீதம் குறைந்ததாகக் கண்டது.

எல்லாச் சோதனைகளும் ஒரே பக்கம் சாயவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. சிட்னியிலும் மின்னசோட்டாவிலும் 1960-களில் தொடங்கிய இரண்டு பழைய சோதனைகளின் விவரங்களை 2013-லும் 2016-லும் மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, லினோலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய்க்கு மாறியவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தாலும் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. அவற்றின் காலத்து மார்கரினில் (தாவர எண்ணெயைக் கட்டியாக்கிச் செய்த வெண்ணெய் மாற்று) டிரான்ஸ் கொழுப்பு கலந்திருந்ததா (அது என்ன என்பது டால்டா பற்றிய பதிலில் வருகிறது), சோதனைக்காலம் போதுமானதா என்ற விவாதம் இருக்கிறது. என் முடிவு இதுதான்: நெய்யை விஷம் என்பதும் அமிர்தம் என்பதும் இரண்டுமே ஆய்வுகளைப் பாதி படித்தவர்களின் பேச்சு. பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் 1972-இல் தொடங்கிய மக்கள் நலத் திட்டத்தில் வெண்ணெயும் முழுக்கொழுப்புப் பாலும் குறைந்து, தாவர எண்ணெயும் காய்கறியும் கூடின. உப்பும் புகைப்பழக்கமும் குறைந்தன. நாற்பது ஆண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் இறப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. எண்ணெய் மட்டுமே அதைச் செய்யவில்லை. எண்ணெய் இல்லாமலும் அது நடக்கவில்லை.

எங்கள் வீட்டு எண்ணெய்களில் எதில் எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது?

எந்த எண்ணெயும் ஒரே வகைக் கொழுப்பால் ஆனதல்ல. எல்லாவற்றிலும் மூன்று வகையும் கலந்தே இருக்கும், விகிதம்தான் மாறும். தோராயமாகச் சொன்னால், தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேலும், நெய்யில் 60 முதல் 65 சதவீதமும், ரேஷன் கடைப் பாமாயிலில் 40 முதல் 45 சதவீதமும் நிறைவுற்றது. தவிட்டு எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டியும், சூரியகாந்தி எண்ணெயில் 11-ஐ ஒட்டியும் இருக்கிறது. கடலை எண்ணெயில் ஒற்றை நிறைவுறாதது பாதிக்கு அருகில் இருப்பதால், அது ஒற்றை நிறைவுறாதது மிகுந்த ஆலிவ் எண்ணெயின் தூரத்து உறவு என்று சொல்லலாம். பணம் கொடுத்து ஆலிவ் வாங்கித் தாளிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. நல்லெண்ணெயில் ஒற்றையும் பன்மையும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. பன்மை இவ்வளவு இருந்தும் அது சீக்கிரம் சிக்கடிக்காமல் இருப்பதற்குக் காரணம் எள்ளிலேயே இருக்கும் செசமின், செசமோலின் போன்ற பொருள்கள். இட்லிப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் அதைத் தேர்ந்தெடுத்த நம் பாட்டிகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஊறுகாய் கெடாது என்பது தெரிந்திருந்தது.

தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அது உடனே எரிந்துவிடும் என்கிறார்களே?

நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் விரைவில் எரிகிறது என்பது உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெயில் பாதியளவுக்கு இருக்கும் லாரிக் அமிலம், பெயரளவில் அந்த இனத்தைச் சேர்ந்தாலும், உடலில் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. ஆய்வுகளுக்காகத் தயாரிக்கப்படும் நடுத்தரச் சங்கிலி எண்ணெய் வேறு, கடையில் வாங்கும் தேங்காய் எண்ணெய் வேறு. 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சூரியகாந்தி, சோயா போன்ற வெப்பமண்டலம் சாராத எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துவதாகத் தெரிந்தது. எச்டிஎல்லையும் உயர்த்துகிறது, அந்த உயர்வால் இதயத்துக்கு நன்மை கிடைக்கிறது என்பது இதுவரை நிறுவப்படவில்லை.

அவியலுக்குக் கடைசியில் ஒரு தேக்கரண்டி ஊற்றுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. எல்லாச் சமையலுக்கும் அதுவே என்று மாறியவர்களைத்தான் நான் தடுக்கிறேன். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே சுமார் 23 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வந்துவிடுகிறது. ஒரு நாள் முழுவதற்குமான வரம்பு அதுதான்.

அந்த வரம்பு என்ன கணக்கு?

2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு நாளில் கிடைக்கும் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 சதவீதத்தையும், டிரான்ஸ் கொழுப்பின் பங்கு 1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. 2,000 கலோரி உண்பவருக்கு 10 சதவீதம் என்றால் 200 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருவதால் அது 22 கிராம்.

ஒரு சாதாரண நாளை எண்ணிப் பாருங்கள். காபி, தயிர், மோர் என்று 300 மில்லி பால் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதக் கொழுப்புள்ள நீல நிற ஆவின் பாக்கெட் என்றால் அதில் சுமார் 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 6 சதவீதமுள்ள ஆரஞ்சு பாக்கெட் என்றால் அது இரட்டிப்பு. காலைச் சட்னியில் ஒருவர் பங்காக 20 கிராம் தேங்காய் இருந்தால் மேலும் 6 கிராம். பருப்புக்கு ஒரு தேக்கரண்டி நெய் 3 கிராம். தாளிப்புக்கும் பொரியலுக்குமாக 25 கிராம் கடலை எண்ணெய் என்றால் ஏறத்தாழ 5 கிராம். நீலப் பாக்கெட்டோடு 20 கிராம் ஆகிவிட்டது. மாலையில் ஒரு பஃப்ஸ் சாப்பிடுவதற்கு முன்பே. எண்ணெய் பாட்டிலை மாற்றுவதைவிடப் பால் பாக்கெட்டின் நிறத்தை மாற்றுவது சிலருக்கு அதிகப் பலன் தரும் என்று நான் சொல்லும்போது சிரிப்பவர்கள், இந்தக் கூட்டலைப் போட்ட பிறகு சிரிப்பதில்லை.

வீட்டில் மொத்தம் எவ்வளவு எண்ணெய் என்ற கேள்விக்கும் இதே முறையில் விடை காணலாம். உட்கார்ந்த வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது மாதம் இரண்டரை முதல் மூன்றரை லிட்டருக்குள் அடங்கும், நெய்யும் அதற்குள்தான். மாதக் கடைசியில் காலி பாட்டில்களை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

ரேஷன் பாமாயிலைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். மாதம் ஒரு லிட்டர்தான் கிடைக்கிறது. அதோடு கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்த்துப் புழங்கும் குடும்பத்துக்கு அதனால் பெரிய தீங்கு வராது. சூட்டைத் தாங்குவதால் பலகாரம் சுடுவதற்கு ஏற்றது. வெளியிலும் பாமாயிலே வாங்கி எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றினால்தான் நிறைவுற்ற கொழுப்பு கூடுகிறது. ஏழை வீட்டு எண்ணெய் என்பதற்காக அதை மட்டும் பழிப்பவர்கள், ஹோட்டல் நெய் ரோஸ்ட்டில் எவ்வளவு நெய் ஊற்றுகிறார்கள் என்று கேட்பதில்லை.

மரச்செக்கு எண்ணெய்க்கு மாறினால் கொலஸ்ட்ரால் குறையுமா?

ஆட்டும் முறையை மாற்றுவதால் மட்டும் குறையாது. வாகை மரச் செக்கில் மெதுவாக ஆட்டினாலும், ஆலையில் ரீஃபைண்ட் செய்தாலும், கடலை எண்ணெயின் கொழுப்பு அமில விகிதம் ஏறத்தாழ ஒன்றேதான். செக்கு எண்ணெயில் வைட்டமின் ஈ போன்றவையும் மணமும் கூடுதலாகத் தங்குகின்றன. கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயின் மணத்துக்காக நானும் செக்குக்குப் போகிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற, கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரவைக்கக்கூடிய நஞ்சு உருவாகும். ரீஃபைண்ட் செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் ஒரு பகுதி தங்கும். எனவே செக்கின் மரத்தைவிட, அதில் போடும் பருப்பைப் பார்த்து வாங்குங்கள். பருப்பை நீங்களே வாங்கிக் காயவைத்து, சொத்தையும் கறுத்ததும் பொறுக்கி எறிந்துவிட்டு ஆட்டக் கொடுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று எழுதியிருக்கிறது. அது நல்லதுதானே?

எந்தத் தாவர எண்ணெயிலும் பொருட்படுத்தத்தக்க அளவில் கொலஸ்ட்ரால் கிடையாது, தேங்காய் எண்ணெய் உட்பட. பார்க்க வேண்டியது, பின்பக்க அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்பதை.

டால்டா, பேக்கரிப் பண்டங்கள்?

தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கட்டியாக்கும் முறைக்கு 1902-இல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானிய வேதியியலர் காப்புரிமை பெற்றார். ஏற்றத்தைப் பாதியில் நிறுத்தும்போது, எஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்புகளில் சில வளைவு நிமிர்ந்து டிரான்ஸ் வடிவமாகிவிடுகின்றன. பெயருக்கு நிறைவுறாதது, நடத்தையில் நிறைவுற்றதைவிட மோசம். எல்டிஎல்லை உயர்த்துவதோடு எச்டிஎல்லைக் குறைக்கவும் செய்கிறது என்று 1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் அளவு 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதமாகவும் வரம்பிடப்பட்டிருக்கிறது. ஆகையால் பழைய ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால் பஃப்ஸை மொறுமொறுப்பாக்க ஏதோ ஒரு கெட்டிக் கொழுப்பு வேண்டும். டிரான்ஸின் இடத்தைப் பெரும்பாலும் பாமாயில் சார்ந்த நிறைவுற்ற கொழுப்பு பிடித்துக்கொண்டது.

தட்டுவடை, பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தலாமா? மலையில் சூடு குறைவு என்பதால் ஏற்காட்டில் எண்ணெய் கெடாது என்பது சரியா?

மலையில் தண்ணீர்தான் சீக்கிரம் கொதிக்கிறது. ஏற்காட்டில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகிறது. சட்டியில் 170, 180 டிகிரிக்குக் காயும் எண்ணெய்க்கு மலையும் அடிவாரமும் ஒன்றுதான். ஏற்காடு ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜிக் கடையின் எண்ணெயும் சேலத்துத் தட்டுவடைக் கடையின் எண்ணெயும் ஒரே மாதிரிதான் கெடும்.

கெடுவதற்குக் காரணம் மூன்று: சூடு, காற்று, சுடும் பண்டத்திலிருந்து வரும் ஈரம். இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில்தான் ஆக்சிஜன் முதலில் தாக்கும் என்பதால், பன்மை நிறைவுறாதது மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் பொரிப்பதற்குப் பாமாயில், கடலை எண்ணெய் அளவுக்குத் தாங்குவதில்லை. உடம்புக்கு நல்லது என்று பெயரெடுத்த எண்ணெயே சட்டியில் பலவீனமாக இருப்பது இந்தப் பாடத்தின் சங்கடமான பகுதி. புகை கிளம்பும் வெப்பநிலையை மட்டும் பார்த்து எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான் போதாது. கடைகளில் பயன்படுத்தும் எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் கெடும்போது உருவாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. வீட்டில் அதை அளக்க முடியாது. நிறம் கறுத்து, நுரை அடங்காமல், கையில் பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள். ஒருமுறை பொரித்து மிஞ்சியதை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குச் செலவழிக்கலாம். பழைய எண்ணெயோடு புதியதைக் கலந்து சட்டியை நிரப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். பழையதில் தொடங்கிய ஆக்சிஜனேற்றம் புதியதையும் விரைவாகக் கெடுத்துவிடும்.

குழந்தைக்கும் கொழுப்பைக் குறைக்க வேண்டுமா?

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குக் குறைக்கக் கூடாது. மூளை வளரும் பருவம் அது. பருப்புச் சோற்றில் நெய் விடுங்கள்.

எனக்கு எல்டிஎல் அதிகம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எண்ணெயை மாற்றிவிட்டேன், மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறைவுற்ற கொழுப்பை ஒழுங்காகக் குறைத்தால் எல்டிஎல் பொதுவாகப் பத்து சதவீத அளவுக்குக் குறையும். சாதாரண அளவு ஸ்டாட்டின் மாத்திரை 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். இரண்டும் வேறு வேறு வழிகளில் வேலை செய்வதால் ஒன்றோடு ஒன்று கூடும். எண்ணெயையும் பால் பாக்கெட்டையும் மாற்றிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்றலாமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.